மணிக்கூண்டுக்கு முன்னால் ஒரு காலி இடம்

காலி இடத்தைக் கண்டால் கை அரிக்கிற ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இனம்தான். நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஹாலை ஒரு நோட்டம் விட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த மூலைதான் கொஞ்சம் மொட்டையா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அவர்தான். அடுத்த வாரமே ஒரு பீங்கான் வாத்தோடு திரும்பி வந்தவரும் அவரேதான். அந்த வாத்து இன்னமும் உங்கள் மூலையில் நிற்கிறது. தூக்கிப் போட ஆசைதான். ஆனால் அவர் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பாரோ, யார் கண்டது?

இந்த இனத்தார் கெட்டவர்கள் அல்லர். கொடுக்கும் கை உள்ளவர்கள். என்ன ஒன்று, கொடுத்ததை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். வாழ்த்து அட்டை வாங்கினால் அச்சடித்த வாழ்த்தைச் சுற்றி நாலு ஓரத்திலும் எழுதுவார்கள், படிக்கிறவர் அட்டையைத் திருப்பித் திருப்பித் தலை சுற்றிப் போவார். பேச்சில் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், நேற்றைய மழையையோ நாளைய வெயிலையோ கொண்டுவந்து உடனே அடைப்பார்கள். இரங்கல் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனம் என்றால், முப்பதாவது வினாடியில் தொண்டையைக் கனைப்பது யார் என்று நினைத்தீர்கள்?

வீட்டு மூலையோடு போனால் பரவாயில்லை. இந்த இனத்தில் ஒருவர் கையில் நாலு ஏக்கர் கிடைத்தால் என்ன ஆகும்?

கிடைத்தது.

அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். கரும்பலகையில் ஒரு விரல் அகலம்கூட மிச்சம் வைக்காமல் எழுதுவார், எழுதி முடித்த பிறகும் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுச் சட்டத்தின்மேல் தொடர்வார். அதனால் மாணவர்கள் அவருக்கு நிரப்பி என்று பெயர் வைத்திருந்தார்கள். வயது ஏற ஏற மரியாதையும் ஏறி நிரப்பியார் ஆனார். ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தபோது அவரை வளாகக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள்.

வளாகம் என்றால் சாதாரண வளாகம் இல்லை. நூற்றைம்பது வயதான செங்கல் கட்டடம் ஒன்று நடுநாயகமாக நிற்கிறது. மத்தியில் மணிக்கூண்டு, அதன் இருபுறமும் நீளநீளமாக வகுப்பறைகள், முன்னால் பதினோரு அகலமான கல்படிகள், கூண்டின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் இரும்புச் சேவல். இதற்கு முன்னால் இருந்த வெளியில் வருஷக்கணக்காகக் காரையும் ஸ்கூட்டரையும் நிறுத்தி, மண்ணெல்லாம் எண்ணெய்க் கறையாகிக் கிடந்தது. வண்டிகளைப் பின்புறம் அனுப்பிவிட்டு முன்வெளியை ஒழுங்காகத் திட்டமிட்டுச் சீர் செய்வது என்று நிர்வாகத்துக்கு ஒருநாள் நல்ல புத்தி வந்தது. அப்போது போட்ட குழுதான் இது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். துணைவேந்தர் அறைக்குப் போகும் தாழ்வாரத்தில், ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாம் ஒரே அச்சு. படிகளின் நடுவே நாற்காலி போட்டு ஓய்வு பெறுகிறவர் உட்கார்ந்திருப்பார், துறையே பின்னால் நிற்கும், கீழ்ப்படியிலிருந்து உச்சிச் சேவல் வரை கட்டடம் முழுதும் விழுந்திருக்கும். சேவல் விழாத படம் தாழ்வாரத்தில் ஏறாது. யாரோ ஒரு தத்துவப் பேராசிரியருக்குச் சேவலின் வால் வெட்டுப்பட்டுப் போய், ஓய்வு பெற்று மூன்று மாதம் கழித்து அவரை மறுபடி அழைத்து உட்கார வைத்து எடுத்தார்களாம்.

அந்தச் சுவரில் ஜன்னலுக்கும் தீயணைப்பு வாளிக்கும் நடுவே ஒரு படத்துக்கான இடம் இருந்தது. அது தனக்கு என்று நிரப்பியார் பத்து வருஷம் முன்பே மனசுக்குள் துண்டு போட்டு வைத்திருந்தார். அங்கே காலண்டர் மாட்ட ஆணியும் சுத்தியலுமாக வந்த எழுத்தரை ஒருமுறை கிட்டத்தட்டத் துரத்தியே அடித்தார். உலகத்தில் அவராக விரும்பிக் காலியாக விட்டுவைத்த ஒரே இடம் அதுதான்.

திட்டம் போட ஒரு பெண் வந்தார். தோட்டங்களையும் திறந்தவெளிகளையும் வடிவமைப்பது அவர் தொழில். முதல் வாரம் முழுதும் அவர் முன்வெளிப் பக்கம் அதிகம் வரவில்லை. தாழ்வாரத்தில் அந்தப் படங்களின் முன்னால் நின்று, ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது வாரம் தோட்டக்காரரை நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி, படியிலிருந்து வெளிவாசல் பக்கமாக அளந்துகொண்டு போனார். மூன்றாவது வாரம் குழுவின் மேஜைமேல் வரைபடத்தை விரித்தார்.

இரு ஓரங்களிலும் ஏற்கெனவே நிற்கும் நிழல் மரங்கள். மரத்தடியில் நடைபாதை, அதையொட்டி உட்காரத் தாழ்ந்த சுவர். நடுவில் பச்சை. வெளிவாசலை ஒட்டி, கையகலச் சதுரம் ஒன்று. அவ்வளவுதான்.

நிரப்பியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு வரைபடத்தின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல என்னம்மா?"

"புல்லு சார்."

"சரி. புல்லுக்கு மேல?"

"மேல ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லன்னா?"

"கட்டடம் தெரியும் சார்."

நிரப்பியார் குழுவைப் பார்த்துச் சிரித்தார். குழுவும் கடமைக்குச் சிரித்தது. "கட்டடம் நூத்தம்பது வருஷமாத் தெரிஞ்சுக்கிட்டுதானே இருக்கு? ஒண்ணுமே வைக்காம இருக்கறதுக்கு ஒரு டிசைனர் எதுக்கும்மா?"

"யாரும் ஒண்ணும் வெச்சிடாமப் பாத்துக்கறதுக்குத்தான் சார்."

இந்தப் பதில் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. நிரப்பியார் அதற்குள் கையகலச் சதுரத்தைக் கண்டுபிடித்திருந்தார். "இது என்ன?"

"தட்டையா ஒரு கல்லு சார். அதுமேல நின்னாத்தான் படியிலேர்ந்து சேவல் வரைக்கும் ஒரே பார்வையில விழும். பழைய படம் எல்லாமே அங்க நின்னு எடுத்ததுதான்."

நிரப்பியார் காதில் 'கல்லு' என்ற சொல் விழுந்தது, மற்றதெல்லாம் விழவில்லை. "கல்லு நல்ல யோசனை. கல்லு இருக்கட்டும்" என்று மனமார அனுமதித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம்.

அந்தப் பென்சிலைப் பற்றி எச்சரிக்காமல் விட்டால் பாவம். இந்த இனத்தார் எல்லாரிடமும் அது இருக்கும், சிலர் விரலையே பென்சிலாக வைத்திருப்பார்கள். முதலில் அது வரைபடத்துக்கு மேலே ஓர் அங்குல உயரத்தில் வட்டமிடும். பிறகு எங்கே வெள்ளையாக இருக்கிறதோ அங்கே மெல்ல இறங்கும். அப்போது ஒரு வாசகம் வரும். அது இந்த இனத்தின் தாய்மொழி.

"பெரிசா வேணாம். சின்னதா ஒண்ணு."

சின்னதாக ஒரு நீரூற்று என்றார். மூன்று மீன்கள் வாலில் நின்று வாயால் தண்ணீர் துப்புவது. நீரூற்று தனியாக நிற்கிறதே என்று அதற்குத் துணையாகச் சின்னதாக ஒரு பாறைக்குன்று. குன்றுக்குப் போக ஒரு வழி, வழிக்கு மேலே ஒரு கொடிப்பந்தல், பந்தல் இருப்பதைச் சொல்ல ஒரு பலகை. பலகைக்குக் கீழே வெறுமையாக இருந்ததால் அங்கே ஒரு பூந்தொட்டி. அடுத்த கூட்டத்தில் மற்ற துறைகள் மனம் நோகக் கூடாது என்று துறைக்கு ஒன்று கேட்டு வாங்கினார். புவியியல் துறை ஆளுயரத்துக்கு ஓர் உலக உருண்டை கொடுத்தது. கணிதத் துறை ஒரு கூம்பு கொடுத்தது. விலங்கியல் துறை ஒட்டகச்சிவிங்கி வடிவத்தில் வெட்டிய செடியைப் பெரிய தொட்டியோடு அனுப்பி வைத்தது, பார்க்கிறவர்கள் அதை ஏணி என்று நினைத்தார்கள். எல்லாம் வைத்த பிறகு புல் கொஞ்சம்தான் மிஞ்சியது, ஆகவே அதை மிதிக்காதீர் என்று சொல்ல நாலு பலகைகள் தேவைப்பட்டன.

வடிவமைப்பாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றுதான் கேட்டார். "அடியில சிமெண்ட் போட்டு நிறுத்தணுமா சார்?"

"அதெல்லாம் உங்க வேலைம்மா. நீங்களும் தோட்டக்காரரும் பேசிக்குங்க" என்பார் நிரப்பியார். வைப்பதில் இருக்கும் ருசி, வைத்ததற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதில் இந்த இனத்துக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

வீட்டில் கதை வேறா? அவருக்கும் அவர் மனைவிக்கும் முப்பது வருஷமாக ஓர் ஒப்பந்தம். சமையலறை ஜன்னல் திட்டில் மட்டும் அவர் எதையும் வைக்கக் கூடாது. மற்ற இடமெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. அலமாரியின் தலையில் பெட்டி, பெட்டியின் தலையில் கோப்பை, கோப்பைக்குள் பேனா மூடிகள். அந்த ஒரு முழத் திட்டின் முன்னால் நின்று காலையில் காப்பி குடிப்பதுதான் அம்மாளுக்கு நாளில் கிடைக்கும் ஒரே காற்று. கணவர் ஓய்வு பெற்று நாள் முழுக்க வீட்டில் இருக்கப் போகிறார் என்ற செய்தியை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

ஓய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மனைவியை அழைத்துக்கொண்டுபோய் முன்வெளியைக் காட்டினார். அம்மாள் வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, கட்டடத்த எங்க கொண்டு போயிட்டீங்க?"

நிரப்பியார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "பாத்தியா, நுழைஞ்ச உடனே கண்ணுக்கு எவ்வளவு விஷயம் கிடைக்குது." சொல்லிக்கொண்டே வாசலை ஒட்டி இருந்த தட்டைக் கல்லைக் கவனித்தார். அது மொட்டையாகக் கிடந்தது. மறுநாள் அதன்மேல் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்தது.

படம் எடுக்கும் நாள் வந்தது. காலையிலேயே கோட்டுப் போட்டு, தலையைப் படிய வாரி, படிகளின் நடுவே நாற்காலியில் நிரப்பியார் அமர்ந்தார். துறை பின்னால் நின்றது. மனைவி, தோட்டக்காரர், வடிவமைப்பாளர் மூவரும் ஒதுங்கி மரநிழலில் நின்றார்கள். முந்தின இரவு அவர் தூங்கவில்லை என்பதை மனைவி மட்டும் அறிவார். முப்பத்துநாலு வருஷ உழைப்புக்கு அவர் கேட்டது பட்டமோ பதக்கமோ இல்லை. ஜன்னலுக்கும் வாளிக்கும் நடுவே ஒரு படம். அவ்வளவுதான் ஆசை.

புகைப்படக்காரர் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். நீரூற்றுக்கு இப்பால் நின்று பார்த்தார். சேவல் சட்டத்துக்குள் வரவில்லை. அப்பால் போய்ப் பார்த்தார். மூன்று மீன்களும் துறை முழுவதன்மீதும் துப்பிக்கொண்டிருந்தன. இடப்பக்கம் போனார், வலப்பக்கம் போனார், கொடிப்பந்தலுக்குள் போய்க் கொஞ்ச நேரம் காணாமல் போனார்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் நிரப்பியார்.

"இந்தப் பக்கம் வந்தா உங்க தலை இருக்க வேண்டிய எடத்துல உலக உருண்டை இருக்கு சார். அந்தப் பக்கம் போனா மணிக்கூண்டுக்குப் பதிலா ஏணி தெரியுது."

"அது ஒட்டகச்சிவிங்கி" என்றார் பின்வரிசையில் யாரோ.

"பாறைக்குன்னு மேல ஏறி எடுக்க முடியாதா?" என்றார் நிரப்பியார்.

"ஏறினா சேவல் கிடைக்கும் சார். நீங்க கிடைக்க மாட்டீங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. துறை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றது. கோட்டுக்குள் நிரப்பியாருக்கு வியர்த்துக் கொட்டியது. சேவல் இல்லாத படம் தாழ்வாரத்தில் ஏறாது. நாளைக்கே அந்த எழுத்தர் காலண்டரோடு வந்துவிடுவார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளைப் பார்த்து, அது இல்லாமல் இருந்தால் தேவலை என்று நினைத்தார். அந்த நினைப்பு வெளியே வந்தபோதும் பழைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தது.

"ஒண்ணு பண்ணுங்க. எல்லாத்தையும் வேணாம். அந்தப் பலகைய மட்டும் எடுங்க. சின்னதா ஒண்ணு."

தோட்டக்காரர் போய் ஒரு கையால் பலகையைப் பிடுங்கி அக்குளில் வைத்துக்கொண்டார். நிரப்பியார் திகைத்தார்.

"என்னப்பா இவ்வளவு சுலபமா வந்துடுச்சு?"

"ஊனித்தான் வெச்சிருக்கேன் ஐயா. சிமெண்ட் போடல."

"உருண்டை?"

"நாலு செங்கல் முட்டுக் குடுத்திருக்கு. செங்கல எடுத்தா அதுவே போயிடும்."

"மீனு?"

"குழாயக் கழட்டினா தூக்கிடலாங்க."

நிரப்பியார் மரநிழல் பக்கம் திரும்பினார். வடிவமைப்பாளர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். "போடணுமான்னு ஆறு தடவை கேட்டேன் சார். நீங்க போடச் சொல்லல" என்றார்.

பிறகு நடந்தது, அந்த வளாகம் நூற்றைம்பது வருஷத்தில் பார்த்திராத வேடிக்கை. கூம்பை இரண்டு பேர் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், உள்ளே வெறும் காற்று. பாறைக்குன்று கனமே இல்லாத செயற்கைப் பாறையானதால், நாலு பேர் அடியில் புகுந்ததும் எட்டுக் கால்களோடு தானே எழுந்து நடந்தது. உருண்டை உருண்டது, அது உருளாமல் என்ன செய்யும், அதன் பின்னால் புவியியல் துறை ஓடியது. ஜன்னல்களில் மாணவர்கள் மொய்த்துக்கொண்டு ஒவ்வொன்று நகரும்போதும் கை தட்டினார்கள். நிரப்பியார் நாற்காலியை விட்டு எழவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே "அதையும், அதையும்" என்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரத்தில் முன்வெளியில் புல்லும் வெயிலும் மட்டும் மிஞ்சின. கடைசியாகத் தோட்டக்காரர் வாசலோரக் கல்லின்மேல் இருந்த பூந்தொட்டியை இறக்கிவிட்டு, கல்லைத் துண்டால் தட்டித் துடைத்தார்.

புகைப்படக்காரர் அதன்மேல் முக்காலியை நிறுத்திக் குனிந்து பார்த்தார்.

"என்ன, இப்பவாவது விழுதா?" என்று படியிலிருந்து கத்தினார் நிரப்பியார்.

"எல்லாமே விழுது சார். நீங்களே வந்து பாருங்க."

நிரப்பியார் அவ்வளவு தூரமும் நடந்து வந்து, கல்லின்மேல் ஏறித் திரும்பினார். முப்பத்துநாலு வருஷமாக அவர் பின்வாசல் வழியாகவே வந்து, பின்வாசல் வழியாகவே போனவர். இந்தக் கட்டடத்தை அவர் முழுசாகப் பார்த்ததெல்லாம் தாழ்வாரத்துப் படங்களில்தான். இப்போது அது பதினோரு படிகளிலிருந்து இரும்புச் சேவல் வரை, செங்கல் செங்கலாக, காலை வெயிலில் அவர் முன்னால் நின்றது. படிகளில் அவருடைய துறை கையளவுக்குத் தெரிந்தது. நடுவே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அது அவருடையது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"நல்லா இருக்கும்மா" என்றார் வடிவமைப்பாளரிடம். "ரொம்ப நல்லா இருக்கு."

"சந்தோஷம் சார். போய் உக்காருங்க, வெயில் மாறிடும்."

அவர் போகவில்லை. புல்வெளியின் இடப்பக்கத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கை தானாகக் கோட்டுப்பைக்குள் போயிற்று, இந்தப் பைக்குள்ளும் அந்தப் பைக்குள்ளும் தேடிற்று.

"பென்சில் எங்கிட்ட இருக்கு" என்றார் மனைவி. "பேசாமப் போய் உக்காருங்க."

படம் எடுத்தாயிற்று. அதே வாரம் அவர் ஓய்வு பெற்றார். தூக்கிய சாமான்கள் பின்புறத்து வண்டி நிறுத்துமிடத்தில் இன்னமும் கிடக்கின்றன. கட்டடத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. சாயங்காலம் அந்த ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்ப்பதற்கென்றே மரத்தடித் தாழ்ந்த சுவரில் ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். வடிவமைப்பாளரின் வரைபடம் கடைசியில் அச்சு அசலாக நிறைவேறியது.

நிரப்பியார் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களோ? அந்தத் தாழ்வாரத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஜன்னலுக்கும் வாளிக்கும் நடுவே பாருங்கள். படி இருக்கிறது, துறை இருக்கிறது, சேவல் வால் வெட்டுப்படாமல் இருக்கிறது. ஆனால் மற்ற எந்தப் படத்திலும் இல்லாத ஒன்று இதில் உண்டு. மணிக்கூண்டுக்கு வலப்புறம் வானத்தில் ஏழு பறவைகள் பறக்கின்றன. படத்தை வாங்கப் போன அன்று அவர் புகைப்படக்காரரின் மேஜைமேல் குனிந்து சொன்னாராம்:

"வானம் ஒரு மாதிரி மொட்டையா இருக்கேப்பா. பெரிசா வேணாம். சின்னதா ரெண்டு."

தோட்டக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "போகட்டும், அங்க இருந்தா யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் அண்ணன் நினைவுக்கு வருகிறார், மேல்வீட்டுக்காரர் வருகிறார், வாத்துக் கொடுத்தவர் வருகிறார். நாம் அந்த இனம் இல்லை என்று ஒரு நிம்மதி. சரி, இந்த வரியோடு நான் முடித்துக்கொள்கிறேன். இதற்குக் கீழே பக்கத்தில் கொஞ்சம் வெள்ளையாக இடம் இருக்கும், அது அப்படியே இருக்கட்டும். ஆமாம், கையில் என்ன அது, பென்சிலா?